ஸ்வான்சி மாவு மில் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

பழைய துறைமுகங்களைப் பற்றிய கட்டுரையில், வேல்ஸில் உள்ள ஸ்வான்சியின் வீவர் மாவு மில்லை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். பிரிட்டனின் முதல் கான்கிரீட் கட்டடம் அதுதானே? அதற்கும் முந்தியவை உண்டு என்கிறார்களே, எது சரி? 1984இல் இடித்துவிட்டார்களாம். என்னைக் கேட்டால் தப்பில்லை. கோயிலா, அரண்மனையா? வெறும் சிமெண்ட் பெட்டி. இப்போது எங்கள் வீட்டு வேலை நடக்கிறது. சிமெண்டைப் பார்த்தாலே அலுப்பாக இருக்கிறது.

கதிர்வேல்

அன்புள்ள கதிர்வேல்,

எதற்கெடுத்தாலும் ‘யார் முதல்’ என்று கேட்பது நம் ஊர் வியாதி. வெறும் கான்கிரீட் என்றால் ரோமாபுரிக்குப் போக வேண்டும். கம்பி வைத்த கான்கிரீட் என்றால் இங்கிலாந்தின் நியூகாசிலில் வில்கின்சன் என்பவர் 1854இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். தூண், பீம், தளம் மூன்றும் கம்பியால் பின்னி ஒரே உடம்பாக எழுந்த பல மாடிக் கட்டடம் என்றால், பிரிட்டனில் அது 1897-98இல் கட்டிய வீவர் மில். போதுமா?

‘வெறும் சிமெண்ட் பெட்டி’ என்றீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில். கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருந்த விஷயம்.

மாவு மில் சாதுவான இடம் இல்லை. மாவுத் தூசி காற்றில் நிறைந்து நின்றால் ஒரு பொறி போதும். 1872இல் கிளாஸ்கோவின் டிரேட்ஸ்டன் மில் வெடித்தது, 1878இல் மினியாபோலிஸின் வாஷ்பர்ன் மில். ஒவ்வொன்றிலும் 18 பேர் செத்தார்கள். அந்தக் கால மில்களில் பலவற்றில் மரத் தளமும் வார்ப்பிரும்புத் தூணும்தான். நெருப்பில் காய்ந்த வார்ப்பிரும்பின் மேல் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். தீப்பிடிக்காத தளம் வேண்டும் என்று முதலாளிகள் தவித்தது அழகுக்காக இல்லை.

அந்தத் தவிப்பைப் புரிந்துகொண்டவர் பிரான்சின் பிரான்சுவா என்பிக். கல்வேலையில் தொழில் பழகியவர். பீமில் பாரம் ஏறினால் அடிப்பக்கம் இழுபடும், கான்கிரீட் இழுவிசை தாங்காது, அதனால் அடியில் கம்பி. இந்த அளவுக்குப் பலருக்கும் தெரியும். ஆனால் தூணை ஒட்டிய இடத்தில் பீம் சாய்வாகக் கிழியும். என்பிக் அங்கே சில கம்பிகளை மேல்நோக்கி வளைத்தார். கீழ்க் கம்பிகளை அணைத்தபடி, பட்டை இரும்பை லாடம் போல வளைத்து நிறுத்தினார், தூண் நெருங்க நெருங்க நெருக்கமாக. 1892இல் காப்புரிமை. நம் கம்பி மேஸ்திரி வளைத்த கம்பியைக் கிராங்க் என்பதும், கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையத்தை ரிங் என்பதும் அந்த வம்சம்தான். அவருடையது மேலே திறந்திருக்கும், நம்முடையது மூடிய வளையம், அவ்வளவுதான்.

என் தாய்மாமா கட்டட வேலைக்குச் சூப்பர்வைசர். ஒருமுறை ஜல்லி, மிக்சர், ஆட்கள் எல்லாம் வந்து நின்ற பிறகு, பீமில் தூணோரம் ரிங்கை அதிக இடைவெளி விட்டுக் கட்டியிருப்பதைப் பார்த்தார். “நடுவுல நெருக்கிக் கட்டி என்னடா பிரயோஜனம்? ஓரத்துலதான்டா கிழியும்!” வேலை நின்றது. அன்றைய கூலி அவர் பையிலிருந்துதான் போனது. அத்தை நாலு நாள் பேசவில்லை. மாமா என்பிக் என்ற பெயரைக் கேட்டவர் இல்லை. தெரிந்திருந்தால் படம் மாட்டிக் கும்பிட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

லூயி குஸ்தாவ் மூஷெல் கதை தனி. ஸ்வான்சிக்குப் பக்கத்தில் பிரிட்டன் ஃபெரியில் குடியேறிய பிரெஞ்சுக்காரர், பிரிட்டனில் என்பிக்கின் முகவர். வீவர் மில் அவர் பிடித்த வேலை. அதை இன்னொரு நாள் பார்க்கலாம்.

1941 பிப்ரவரியில் மூன்று இரவு விழுந்த குண்டில் ஸ்வான்சியின் நகர மையமே சாம்பலானது. மில் நின்றது, 1984 வரை. இடித்தபோது ஒரு துண்டை மட்டும் எடுத்து டாவ் ஆற்றங்கரையில் வைத்தார்கள். கோயிலா என்று கேட்கிறீர்கள். ஒரு ஊரே தீப்பிடித்தபோது விழாத கட்டடத்துக்கு வேறென்ன தகுதி வேண்டும் ஐயா?

சரி, உங்கள் வீட்டு விஷயம். சிமெண்ட் அலுக்கிறது என்று வீட்டுக்குள் உட்காராதீர்கள். தளம் போடுவதற்கு முந்தின நாள் பலகை மேல் ஏறி, தூணோரம் ரிங் இடைவெளியை டேப் வைத்து அளந்து, இன்ஜினியர் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். கம்பி பலகையைத் தொடாமல் தூக்கிப் பிடிக்கும் சின்னக் கட்டை, அதாவது கவர் பிளாக், கம்பிக்கு அடியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஜல்லியை வைத்து ஒப்பேற்றியிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். மேஸ்திரி முறைப்பார். முறைக்கட்டும்.