எட்டு மணிக்கு மீட்டிங் வைத்துவிட்டு எடையைக் குறைக்கச் சொல்கிறீர்களா?

கேள்வி: எண்பது பேர் வேலை செய்யும் நிறுவனத்தை நடத்துகிறேன். பாதிப் பேருக்கு உடல் பருமன். ஒருவருக்குப் போன மாதம் நெஞ்சுவலி வந்தது. எல்லாரும் என் குடும்பம் மாதிரிதான். அந்த அக்கறையில், மூன்று மாதத்தில் அதிக எடை குறைப்பவருக்குப் பரிசு என்று, தினமும் இரவு எட்டு மணிக்கு நடக்கும் ரிவ்யூ மீட்டிங்கில் அறிவித்தேன். யார் முகத்திலும் சிரிப்பில்லை. ஒரு பெண் ஊழியர் மறுநாள் லீவு போட்டுவிட்டார். என்ன தப்பு செய்தேன்?

பதில்: தம்பி, தினமும் இரவு எட்டு மணிக்கு மீட்டிங்கா? அதைப் போகிற போக்கில் எழுதிவிட்டு என்ன தப்பு என்று என்னிடம் கேட்கிறீர்களே!

எட்டுக்கு ஆரம்பித்தால் எத்தனை மணிக்கு முடியும், எத்தனை மணிக்கு வீடு போய்ச் சேருவார்கள், அப்புறம் அகாலத்தில் வயிறு நிறையச் சாப்பிட்டு எப்போது படுப்பார்கள் என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா? தூக்கம் குறைந்தால் பசி கூடும், கண்டதையும் தின்னத் தோன்றும், எடையும் ஏறும். பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நேரத்தை உங்கள் ஆட்கள் எங்கே போய்த் தேடுவார்கள்? அதே நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021ல் வெளியிட்ட ஆய்வு, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்கிறது. நெஞ்சுவலி வந்தவர் உங்களிடம் வாரம் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார்? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

குடும்பம் மாதிரி என்கிறீர்கள். அவர்களுக்குச் சொந்தமாக ஒரு குடும்பம் இருக்கிறது, எட்டு மணிக்கு அங்கே பிள்ளைகள் அப்பா அம்மாவுக்காகக் காத்திருக்கிறார்கள். சம்பளம் கொடுப்பதால் அந்தச் சாப்பாட்டு நேரமும் உங்களுக்குச் சொந்தம் என்று நினைப்பது, என்னைக் கேட்டால், சுத்த அநியாயம்.

இந்தப் போட்டியை இன்றைக்கே நிறுத்துங்கள். பரிசுக்காகப் பட்டினி கிடந்து இளைப்பவர்களுக்குப் பெரும்பாலும் எடை திரும்பி வந்துவிடும். பருமனுக்குப் பரம்பரை, தைராய்டு, மன அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ சாப்பிடும் சில மருந்துகள் என்று பல காரணங்கள் உண்டு. லீவு போட்ட பெண்ணுக்கு என்ன காரணம் என்று உங்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அத்தனை பேர் முன்னால் அவரைக் குறுக வைத்தீர்கள். கூப்பிட்டு மன்னிப்புக் கேளுங்கள், சுருக்கமாக.

யோகா வகுப்பு, உணவு ஆலோசனை என்று அடுத்து ஆரம்பிப்பீர்கள், தெரியும். கெடுதல் இல்லை. ஆனால் அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனத்தின் சுமார் 33,000 ஊழியர்களிடம் நடந்த ஆய்வு 2019ல் வந்தது. அந்த மாதிரித் திட்டம் பதினெட்டு மாதம் ஓடியும் எடையிலோ ரத்த அழுத்தத்திலோ சொல்லும்படி மாற்றமில்லை. வேலை நடக்கும் விதத்தில் கை வையுங்கள். மதிய இடைவேளையில் யாரையும் போனில் கூப்பிடாதீர்கள். டாக்டரைப் பார்க்கப் போகிறவருக்குச் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தால் முடிவு அவரவர் கைக்கு மட்டும் போகட்டும், ஹெச்.ஆர். மேஜைக்கு வரவே கூடாது. காப்பீட்டில் பருமனுக்கான சிகிச்சை உண்டா என்று பாருங்கள். கனத்த உடம்புக்காரர் நிம்மதியாக உட்கார உங்கள் ஆபீசில் ஒரு நாற்காலியாவது இருக்கிறதா?

ரிவ்யூவைக் காலை பத்து மணிக்கு மாற்றுங்கள். மாலையில் முதலில் கிளம்பும் ஆள் நீங்களாக இருங்கள், முதலாளி உட்கார்ந்திருக்கும்போது யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.