ராத்திரியிலும் சுடும் சுவர்

கேள்வி: பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் குடியிருக்கிறோம். ராத்திரி பதினோரு மணிக்கும் சுவரில் கை வைத்தால் சுடுகிறது. கல்லிடைக்குறிச்சியில் அம்மா வீட்டிலோ விடியற்காலையில் போர்வை தேடுகிறோம். கேட்டால் எங்கள் வீட்டுக்காரர் "எல்லாம் உலக வெப்பமயமாதல்" என்கிறார். அப்படியென்றால் கல்லிடையும் சேர்ந்துதானே சுட வேண்டும்?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: சரியான இடத்தில் பிடித்திருக்கிறீர்கள். தொழிற்புரட்சிக்கு முன்பு இருந்ததைவிட உலகம் 1 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகிவிட்டது உண்மைதான், ஆனால் அந்தக் கணக்கு இரண்டு ஊருக்கும் பொது. அதற்கு மேல் பாளையில் ஏறுவதில் பெரும்பங்கு நாமே உள்ளூரில் சேர்த்துக்கொண்டது. (கல்லிடை மலையடிவாரம், சுற்றிலும் தாமிரபரணிப் பாசனம், அதனால் முழுப் பழியையும் நம் தலையில் போடவும் முடியாது.)

காங்கிரீட்டும் தார் ரோடும் பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இருட்டின பிறகு மெதுவாக விடும். திறந்தவெளியில் அந்தச் சூடு வானத்தைப் பார்த்துப் போய்விடும், நெருக்கியடித்து நிற்கும் மாடி வீடுகளுக்கு நடுவிலோ ஒரு சுவர் விடுவதை எதிர்ச்சுவர் வாங்கிக்கொள்ளும். நகரத்து வெக்கை மத்தியானத்தைவிட ராத்திரியில் நன்றாகத் தெரிவது இதனால்தான். லூக் ஹோவர்ட் என்பவர் லண்டன் நகரம் சுற்றுப்புறக் கிராமங்களைவிடச் சூடாக இருப்பதை 1800களின் தொடக்கத்திலேயே அளந்து எழுதிவிட்டார்.

அப்புறம் தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக, ஏறக்குறைய 0.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூட்டை இழுத்துக்கொள்ளும். வயலும் குளமும் மரமும் இந்த வேலையைக் காசு வாங்காமல் செய்துகொண்டிருந்தன. குளத்தை மேடாக்கி மனை போட்டு, ரோட்டை அகலப்படுத்த மருத மரங்களைச் சாய்த்து, மிச்சமிருந்த முற்றத்திலும் பேவர் பிளாக் பதித்துவிட்டால் அந்தச் சூடு வேறு எங்கே போகும்? போதாததற்கு ஏசி. அது அறையிலிருந்து எடுத்த சூட்டோடு, தான் தின்ற மின்சாரத்தின் சூட்டையும் சேர்த்துத் தெருவில் கொட்டுகிறது, பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்திருந்தால் அவர்கள் பாடு.

கேள்வி: தட்டட்டியில் (மொட்டை மாடியில்) வெள்ளை அடித்தால் வீடு குளிரும் என்கிறார்களே, நிஜமா?
– வாசகர், மேலப்பாளையம்

பதில்: நிஜம். வெள்ளைப் பரப்பு வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும், சுண்ணாம்பே போதும். மேல்மாடியில் நன்றாகத் தெரியும், கீழ்வீட்டுக்காரருக்குப் பெரிதாகத் தெரியாது. தூசி படிந்தால் பலன் குறையும், ஆகவே வருஷா வருஷம் பங்குனியிலேயே அடித்துவிடுங்கள். மேற்குச் சுவர் ஓரம் மண் தரை இருந்தால் ஒரு வேம்பும் வையுங்கள்.