ரியாத்தா, ஜெர்மனியா, கொழிஞ்சாம்பாறையா?

கேள்வி: நான் பி.எஸ்சி. நர்சிங் படித்தவள்; வயது 32. பாலக்காட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். கைக்கு வருவது 24,000 ரூபாய். கொழிஞ்சாம்பாறை அருகே கணவர், மாமியார், நான்காம் வகுப்பும் யு.கே.ஜி.யும் படிக்கும் இரண்டு பிள்ளைகளுடன் வசிக்கிறோம். தென்னையில் வேர் வாடல் நோய் வந்த பிறகு தோப்பு வருமானம் பாதியாகிவிட்டது. ஒரு முகவர் 4 லட்சம் ரூபாய் கேட்கிறார். முதலில் விசிட் விசாவில் ரியாத் போனால் பிறகு வேலை விசாவாக மாற்றித் தருவாராம். நகையை அடகு வைக்கலாம் என்று நினைக்கிறேன். என் தோழி ஜெர்மன் மொழி படிக்கிறாள். உறவினர் ஒருவர் இங்கிலாந்தில் முதியோர் பராமரிப்பு வேலைக்கு வரச் சொல்கிறார். எங்கே போவது? போகத்தான் வேண்டுமா?
— ஒரு வாசகி, பாலக்காடு மாவட்டம்

பதில்: சகோதரி, நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போய்விடாதீர்கள். பதிவு பெற்ற முகவர் ஒருவர் வேலை தேடுபவரிடம் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு நம் நாட்டில் உச்சவரம்பு உண்டு. அது 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. அதைப்போலப் பதின்மூன்று மடங்கு கேட்பவர் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார். சவூதியில் விசிட் விசாவில் வேலை செய்வது குற்றம். அங்கே சம்பளம் நின்றுபோனால் புகார் கொடுக்கக்கூட உங்கள் கையில் ஒரு காகிதம் இருக்காது. வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்குச் செல்லும் செவிலியர் அரசு சார்ந்த முகமைகள் வழியாகவே, குடிபெயர்வு அனுமதி பெற்றுச் செல்ல வேண்டும் என்று 2015-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்ததே இப்படிப் பணத்தை இழந்தவர்களின் கண்ணீரால்தான். கேரள முகவரி உள்ள உங்களுக்கு மாநில அரசின் நிறுவனங்களான நோர்க்கா ரூட்ஸும் ஒடெபெக்கும் இருக்கின்றன. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குச் சென்னையில் அம்மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. யார் பேசினாலும் முதலில் அவருடைய பதிவு எண்ணைக் கேட்டு, மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபாருங்கள்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். போக நினைப்பது பேராசை அல்ல. கேரளத்தில் தனியார் மருத்துவமனைச் செவிலியருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 20,000 ரூபாய் என்று 2018-இல் அரசு அறிவித்தது. ஒன்பது ஆண்டு அனுபவத்துக்குப் பிறகும் நீங்கள் அதன் அருகிலேயே நிற்கிறீர்கள். ஆனால் ரியாத்தும் ஜெர்மனியும் ஒரே கேள்விக்கான இரண்டு விடைகள் அல்ல. வளைகுடாவுக்குப் போவது சம்பாதித்துத் திரும்புவதற்கு. ஜெர்மனிக்குப் போவது குடியேறுவதற்கு. எது வேண்டும் என்று முடிவு செய்யாமல் நாட்டைத் தேர்ந்தெடுத்தால், திரும்ப வேண்டியவர் திரும்ப முடியாமலும் தங்க வேண்டியவர் தங்க முடியாமலும் தவிப்பார்கள்.

வளைகுடாவில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை; தகுதித் தேர்வை முடித்தால் விரைவில் போகலாம். ஆனால் தங்கும் உரிமை வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் அதுவும் போகும். என் பெரியம்மா மகள் பதினான்கு ஆண்டுகள் அங்கே செவிலியராக இருந்து, இரண்டு தங்கைகளுக்குத் திருமணம் முடித்து, வீடும் கட்டினாள். அந்த வீட்டு அடுக்களைக் கதவு நிலையில் அவள் மகனின் உயரத்தைப் பாட்டி ஒவ்வொரு பிறந்தநாளிலும் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார். இரண்டு ஆண்டுக்கு ஒரு கோடு மட்டும் அவள் கையெழுத்தில் இருக்கும். அவள் வருந்துகிறாள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எத்தனை ஆண்டு, எவ்வளவு தொகை என்று எழுதி வைத்துவிட்டுப் போகாதவர்களுக்கு அந்தக் கோடுகள் நீண்டுகொண்டே போகும்.

இங்கிலாந்து பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பராமரிப்புப் பணியாளர்கள் குடும்பத்தை அழைத்துச் செல்வதை அந்நாடு 2024 மார்ச்சில் நிறுத்தியது. வெளிநாட்டிலிருந்து அந்த வேலைக்குப் புதிதாக ஆள் எடுப்பதை 2025 ஜூலையில் மூடிவிட்டது. உறவினர் பழைய நிலவரத்தைச் சொல்கிறார்.

பிள்ளைகளோடு வாழ விரும்பினால் என் விருப்பம் ஜெர்மனி. நோர்க்காவும் ஜெர்மன் அரசு அமைப்புகளும் சேர்ந்து நடத்தும் டிரிபிள் வின் திட்டத்தில் தேர்வானவர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. மொழித் தேர்ச்சிக்கு ஏ1, ஏ2, பி1, பி2 என்று ஏறும் படிகள் உண்டு; அதில் பி1 நிலை வரை மொழிப் பயிற்சியும் இலவசம். அங்கே போனபின் பி2-வையும் படித்து, உங்கள் பட்டத்துக்கு அங்கீகாரம் பெறும் வரை உதவிச் செவிலியராகவே வேலை செய்ய வேண்டியிருக்கும். மொழிக்கு ஓராண்டாவது பிடிக்கும். இரவுப் பணி முடித்து வந்து வினைச்சொற்களை மனப்பாடம் செய்வது எளிதல்ல. ஆயினும் வீட்டில் தமிழும் வார்டில் மலையாளமும் நோயாளியின் குறிப்பேட்டில் ஆங்கிலமுமாக ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்த உங்களுக்கு, இன்னொரு மொழிக்குள் நுழைவது எப்படி என்பதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. எல்லையோரத்துப் பிள்ளைகளுக்கு இது பிறவிச் சொத்து. ஐந்து ஆண்டுகளில் குடியுரிமைக்கே விண்ணப்பிக்கலாம். ஆனால் அதைப் பெற்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும்.

குடும்பத்தை உடனே அழைத்துக்கொள்ள முடியும் என்று எண்ண வேண்டாம். போதிய வருமானமும், எல்லோருக்கும் இடமுள்ள வீடும் காட்ட வேண்டும். அங்கே வாடகை வீடு கிடைப்பது பெரும்பாடு. ஓராண்டாவது பிரிந்திருக்க நேரும் என்றே கணக்கிடுங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மாமியாரும் பிள்ளைகளும் தோப்பும் அதில் இருக்கிறார்கள். உங்கள் கணவர் என்ன விரும்புகிறார் என்று ஒரு வரி கூட இல்லை. தென்னையைத் தவிர வேறு தொழில் அறியாதவர் அங்கே என்ன வேலைக்குப் போவார், மாமியாரை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற இரண்டையும் அவர் வாயால் சொல்லக் கேளுங்கள். முடிந்தால் ஏ1 வகுப்பில் அவரையும் உங்களோடு சேர்த்துவிடுங்கள். அதற்கு ஆகும் செலவு நகை அடகு வைக்கும் அளவுக்கு வராது. மூன்று மாதத்தில் அவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டாரா, உங்களிடம் சந்தேகம் கேட்கிறாரா என்று பார்த்துவிட்டு எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.