மிகத் தொலைவில் இருக்கும் ஆதி கேலக்ஸிகளை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

படத்தில் மங்கலாக ஒரு புள்ளி. அது பக்கத்தில் இருக்கும் சின்ன கேலக்ஸியா, பிரபஞ்சத்தின் தொடக்க காலத்தைச் சேர்ந்ததா? வெறுமனே பார்த்தால் தெரியாது.

பிரபஞ்சம் விரிவதால், பயணிக்கும் ஒளியின் அலைநீளமும் நீள்கிறது. இதுதான் செம்பெயர்ச்சி; இதன் எண் கூடக்கூட, கேலக்ஸி அவ்வளவு தொலைவில், அவ்வளவு ஆதி காலத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம், 121.6 நானோமீட்டருக்குக் குறைவான புற ஊதா ஒளியை அந்தக் காலத்து ஹைட்ரஜன் ஏறக்குறைய முழுசாக விழுங்கிவிடும். செம்பெயர்ச்சி 14 என்றால் இந்த எல்லை 15 மடங்கு நீண்டு, சுமார் 1.8 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பில் வந்து நிற்கும். ஆகவே ஒரே இடத்தைப் பல வடிகட்டிகளில் படமெடுத்து, எதில் புள்ளி காணாமல் போகிறது என்று பார்க்கிறார்கள். அகச்சிவப்பில் கூர்மையாகப் பார்க்கும் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி இதற்குக் கச்சிதம். ரொம்ப மங்கலானவை என்றால், ஏபெல் 2744 போன்ற கேலக்ஸிக் கொத்துகளின் ஈர்ப்பு அவற்றின் ஒளியைப் பெருக்கிக் காட்டும்.

ஆனால் காணாமல் போவதை மட்டும் நம்ப முடியாது. 2022-இல் செம்பெயர்ச்சி 16 இருக்கலாம் என்று பரபரப்பாகப் பேசப்பட்ட ஒரு கேலக்ஸிக்கு, நிறமாலை (ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துப் பார்ப்பது) எடுத்ததும் 4.9தான் வந்தது. தூசியும் வலுவான உமிழ்வுக் கோடுகளும் (சூடான வாயு குறிப்பிட்ட அலைநீளங்களில் மட்டும் வீசும் ஒளி) சேர்ந்து ஏமாற்றியிருந்தன. என்னைக் கேட்டால், நிறமாலை வரும்வரை எந்தச் சாதனைச் செய்தியையும் கொஞ்சம் சந்தேகத்தோடு படிப்பதே சரி.

நிறமாலை தூரத்தோடு நிற்பதில்லை, உள்ளே என்னென்ன தனிமங்கள் என்றும் சொல்லும். 2024-இல் அறிவிக்கப்பட்ட ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0, பெருவெடிப்புக்குச் சுமார் 30 கோடி ஆண்டுகள் கழித்து இருந்த கேலக்ஸி. சிலியில் உள்ள அல்மா தொலைநோக்கி அதில் ஆக்சிஜனைக் கண்டது. ஆக்சிஜன் விண்மீன்களுக்குள்தான் உருவாகும். அதாவது, அதற்குள்ளேயே அங்கே பெரிய விண்மீன்கள் பிறந்து, வெடித்தும் முடிந்துவிட்டன.