'டிக்' சத்தம் மட்டும் கேட்டால்: போல்ட் ரைஃபிள் கேள்வி பதில்

ஒன்டாரியோவில் நவம்பர் மான் வேட்டை நெருங்குகிறது. வந்த கேள்விகளில் பாதி, தோட்டா வெடிக்காமல் போவது பற்றித்தான்.

அண்ணா, மைனஸ் 15 குளிரில் டிரிகரை இழுத்தேன், டிக் என்றதோடு சரி. வெயில் நாளில் அதே தோட்டா வெடித்தது. ஸ்பிரிங் போய்விட்டதா?

ஸ்பிரிங்கைப் பிறகு பார்க்கலாம் தம்பி. முதலில் போல்ட்டுக்குள், அதாவது தோட்டாவுக்குப் பின்னால் குழாயை அடைத்து நிற்கும் உருளைக்குள், என்ன இருக்கிறது என்று பாருங்கள். கடையில் பூசிய கிரீஸ், வருடாவருடம் நீங்கள் விட்ட எண்ணெய், பித்தளைத் தூள் எல்லாம் சேர்ந்து பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று ஸ்பிரிங்கைச் சுற்றி ஒட்டியிருக்கும். குளிரில் அது இறுகி, தோட்டாவின் அடியில் குத்தும் ஊசியான ஃபயரிங் பின்னின் வேகத்தைக் குறைத்துவிடும். பிரைமரில், அதாவது குத்தினால் தோட்டாவைப் பற்றவைக்கும் அடிமூடியில், குழி ஆழமில்லாமல் விழுவது அதனால்தான். கரைப்பானில் கழுவி, நன்றாகக் காயவைத்து, வெறுமனே மாட்டுங்கள். துரு பயம் இருந்தால் மெல்லிய எண்ணெய் தொட்ட துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். என் அனுபவத்தில், போல்ட்டுக்குள் எண்ணெய் குறைந்து கெட்டதைவிட மிஞ்சிக் கெட்டதே அதிகம்.

இன்னொன்று: குளிரிலிருந்து வந்ததும் துப்பாக்கியைச் சூடான அறையில் உறையிலிருந்து எடுக்காதீர்கள். உள்ளே நீர் கோத்துக்கொள்ளும், மறுநாள் காலை வெளியே போனதும் அதுவே உறையும்.

போல்ட்டைக் கழற்றக் கருவி வேண்டுமா?

பழைய ராணுவ மவுசர் 98 என்றால் வேண்டாம். துப்பாக்கி காலி என்று உறுதிசெய்து, போல்ட்டைக் காக் செய்து (ஸ்பிரிங்கை இறுக்கி), சேஃப்டியை நடுநிலையில் நிமிர்த்தி வைத்து வெளியே எடுங்கள். பின்பக்கத்தில் உள்ள சிறு பொத்தானை அமுக்கியபடி திருகினால் ஃபயரிங் பின்னும் ஸ்பிரிங்கும் ஒன்றாக வந்துவிடும். 1898லேயே இதை யோசித்து வைத்திருக்கிறார்கள்! மற்ற மாடல்களுக்கு அதனதன் கையேட்டைப் பாருங்கள்.

டிக் என்றதும் போல்ட்டைத் திறக்கலாமா?

கூடவே கூடாது. குழாயைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்து, குறைந்தது 30 விநாடி பொறுங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு.

நானே நிரப்பிய தோட்டா முதல் அடியில் வெடிக்கவில்லை, இரண்டாவது அடியில் வெடிக்கிறது.

பிரைமர் முழுதாக உட்கார்ந்திருக்காது. முதல் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே தீர்ந்துவிடும், இரண்டாவது அடிதான் பற்றவைக்கும். விரலால் தடவிப் பாருங்கள், அடிப்பாகத்துக்கு மேலே துளியும் துருத்தக் கூடாது. அது சரியாக இருந்தால், பித்தளைக் கேஸின் தோளை (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) அளவுக்கு மீறிப் பின்னே தள்ளியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

தோட்டா போடாமல் டிரிகர் பழகலாமா?

இன்றைய சென்டர்ஃபயரில் (தோட்டா அடியின் நடுவில் குத்தும் வகை) பெரும்பாலும் பரவாயில்லை. .22 ரிம்ஃபயரில் (அடியின் ஓரத்தில் குத்தும் வகை) வேண்டாம், ஃபயரிங் பின் சேம்பரின், அதாவது தோட்டா உட்காரும் இடத்தின், விளிம்பில் மோதும். போலித் தோட்டா போட்டுப் பழகுங்கள்.

பிரைமரில் ஓட்டை விழுகிறது. ஃபயரிங் பின்னின் முனையை அரத்தால் ராவலாமா?

அரத்தைத் தொடாதீர்கள். லென்ஸ் வைத்து முனையைப் பாருங்கள்: வழுவழுப்பான அரைவட்டமாக இருக்க வேண்டும். சிறு பள்ளம் இருந்தாலும் அதன் விளிம்பு பிரைமரைத் துளைக்கும், அந்தத் துளை வழியே பீறிடும் வாயு முனையை மேலும் அரிக்கும். ராவினால் நீளம் குறையும். போல்ட் முகத்துக்கு வெளியே பல ரைஃபிள்களில் சுமார் 1.5 மில்லிமீட்டர்தான் நீட்டிக்கொண்டிருக்கும், அதில் கொஞ்சம் போனாலும் குழி ஆழம் போய்விடும். புது ஃபயரிங் பின் வாங்கி, துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து நீட்டத்தை அளந்து மாட்டச் சொல்லுங்கள். முனை நன்றாக இருந்தும் ஓட்டை விழுந்தால் தோட்டாவில் அழுத்தம் அதிகமாக இருக்கலாம், அந்தப் பெட்டியைச் சுடுவதை நிறுத்துங்கள்.