பழைய தியேட்டரை 'ஊரே மீட்டது' என்கிறார்களே, அது எப்படி?

இடிக்கப்போகிற தியேட்டரை, லாப நோக்கமில்லாத ஓர் அமைப்பை உண்டாக்கி ஊர்க்காரர்களே வாங்கிப் பழுது பார்த்து நடத்துவதுதான் அது. ஏன் இடிக்கப் பார்க்கிறார்கள்? கட்டடத்தைவிட அது நிற்கும் மண்ணுக்கு விலை ஏறிவிடுவதால். தாத்தா கட்டிய தேக்குத்தூண் வீட்டைக் கேட்டு ஃப்ளாட் கட்டுபவர் வாசலில் வந்து நிற்பாரே, அதே கதை.

அமெரிக்காவின் அட்லான்டாவில் 1929 கிறிஸ்துமஸ் அன்று திறந்த ஃபாக்ஸ் தியேட்டரைப் பாருங்கள். 4,600க்கும் மேல் இருக்கைகள். உள்ளே உட்கார்ந்தால் ஏதோ அரபுக் கோட்டையின் முற்றத்தில் இருப்பது போலிருக்கும். மேலே நீலக் கூரையில் நட்சத்திர விளக்குகள் மினுக்கும். (கரண்ட் பில்லை நினைத்தால்தான் பயம்.) டிவியும் புறநகர் தியேட்டர்களும் கூட்டத்தை இழுத்துக்கொண்டன. 1970களில் ஒரு தொலைபேசி நிறுவனம் தலைமை அலுவலகம் கட்ட இடத்தைக் கேட்டது. மக்கள் கொதித்தார்கள். 1975இல் 'அட்லான்டா லேண்ட்மார்க்ஸ்' என்ற அமைப்பு கடன்பட்டு வாங்கியது. நன்கொடையும் கச்சேரி வசூலுமாகச் சேர்த்து 1978இல் கடனை அடைத்தது. தொலைபேசி நிறுவனம் பக்கத்து மனையில் கட்டிக்கொண்டது.

மீட்டால் பழையபடி தினமும் படம் ஓடும் என்று நினைத்துவிடாதீர்கள். இன்று அங்கே பெரும்பாலும் நாடகமும் கச்சேரியும்தான், சினிமா எப்போதாவது.