புது மாட்யூலுக்கு டெம்ப்ளேட்: வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் சின்னதாக

புது மாட்யூலை, அதாவது ப்ரோகிராமின் ஒரு தனிக் கோட் ஃபைலை, எப்படித் தொடங்குவது என்ற கேள்வியில் மூன்று பகுதிகள் இருக்கின்றன. பழைய ஃபைலைக் காப்பி செய்து வேண்டாததை அழித்துவிட்டுத் தொடங்குவதற்குப் பதில் டெம்ப்ளேட் (நிரப்புவதற்குத் தயாராக இருக்கும் மாதிரி ஃபைல்) வைத்துக்கொள்ளலாமா? அதில் என்னவெல்லாம் போடுவது? ஏற்கெனவே எழுதிய மாட்யூல்களையும் அதன்படி மாற்ற வேண்டுமா? முதல் கேள்விக்குத் தாராளமாக ஆமாம் சொல்லலாம். இரண்டாவதில்தான் விஷயமே இருக்கிறது.

காப்பி செய்து அழிக்கும் முறையில், அழிக்க மறந்ததெல்லாம் அப்படியே தங்கிவிடும். யாருக்கும் தேவைப்படாத இம்போர்ட்டை லிண்டர் (கோடில் குறை தேடும் கருவி) பிடித்துக் கொடுத்துவிடும். ஆனால் லாகருக்கு, அதாவது ஓடும்போது நடப்பதைக் குறித்துவைக்கும் பகுதிக்கு, நீங்கள் கையால் அடித்த பெயர் பழைய மாட்யூலுடையது என்பது எந்தக் கருவிக்கும் தெரியாது. பில்லிங் மாட்யூலில் வரும் பிழை, ‘ரிப்போர்ட்’ என்ற பழைய மாட்யூலின் பெயரில் லாகில் விழும். அதைத் தேடிப் போகிறவர் சம்பந்தமே இல்லாத ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருப்பார். பைத்தான் என்றால், லாகரைப் பெறும் கெட்லாகருக்குப் பெயரை அடிக்காமல் டண்டர் நேமை (மாட்யூலின் பெயரைத் தானே வைத்திருக்கும் __name__) கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. மாட்யூலுக்கு எந்தப் பெயர் வைத்தாலும் சரியான பெயர் தானாக வந்துவிடும். டெம்ப்ளேட்டில் இடம்பெறத் தகுந்த வரி இப்படித்தான் இருக்கும்: ஒரே வரி, பிறகு தொட வேண்டிய அவசியமே இல்லை.

சரி, லாகிங்கை அமைக்கும் இருபது வரிகளை என்ன செய்வது? ஃபார்மேட், லெவல், எந்த ஃபைலில் எழுதுவது என்பதெல்லாம்? அதை டெம்ப்ளேட்டில் போடாதீர்கள். எல்லா மாட்யூலிலும் எழுத்துப் பிசகாமல் ஒரே மாதிரி வரும் கோட்தான் டெம்ப்ளேட்டுக்கு ஏற்றது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். எனக்கு அது நேர்மாறாகப் படுகிறது. ஒரே மாதிரி இருக்கப்போகிறது என்றால் அதை ஒரு ஃபங்ஷனாக்கிப் பொது லைப்ரரியில் ஓர் இடத்தில் வையுங்கள், மாட்யூல் அதைக் கூப்பிட்டுக்கொள்ளட்டும். டெம்ப்ளேட் கொடுப்பதும் காப்பிதான். கையால் செய்ததைவிடச் சுத்தமான காப்பி, அவ்வளவே. நாற்பது மாட்யூல்கள் பிறந்த பிறகு லாக் ஃபார்மேட்டை மாற்றச் சொன்னால், நாற்பது ஃபைல்களைத் திறக்கப்போவது நீங்கள்தான்.

இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ரியாக்ட் வெப் ஆப்களைத் தொடங்கித் தரும் கிரியேட் ரியாக்ட் ஆப் என்ற கருவியை எடுத்துக்கொள்ளலாம். அது பில்டுக்கான அமைப்புகளை உங்கள் ப்ராஜெக்டுக்குள் கொட்டாமல் ரியாக்ட் ஸ்கிரிப்ட்ஸ் என்ற ஒரு பேக்கேஜுக்குள் வைத்திருந்தது. புதிய வசதிகள் வந்தால், பெரும்பாலும் பதிப்பு எண்ணை மாற்றினால் போதும். அமைப்புகளைத் தானே கையாள விரும்புகிறவருக்கு ‘இஜெக்ட்’ என்று ஒரு கட்டளை இருந்தது. அதைக் கொடுத்ததும் எல்லா அமைப்புகளும் உங்கள் ஃபோல்டருக்குள் வந்து உட்கார்ந்துவிடும், பழைய நிலைக்குத் திரும்ப வழி கிடையாது. இஜெக்டுக்கு முன்பு அது லைப்ரரி, அதற்குப் பிறகு டெம்ப்ளேட்டில் பிறந்த கோட். புது ஆப்களுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2025-இல் ரியாக்ட் குழுவே சொல்லிவிட்டது, அது வேறு கதை.

அப்படியானால் டெம்ப்ளேட்டில் மிஞ்சுவது என்ன? எழுதுகிறவர் முடிவெடுத்தே ஆக வேண்டிய இடங்கள். இந்த மாட்யூல் எதற்கு என்று சொல்லும் டாக்ஸ்ட்ரிங், வெளியே தெரிய வேண்டிய பெயர்களின் பட்டியல், கூடவே ஒரு டெஸ்ட் ஃபைல். இந்த இடங்களை எப்படிக் காலியாக விடுகிறீர்கள் என்பது முக்கியம். ஜாவாஸ்கிரிப்டில் என்பிஎம் இனிட் என்ற கட்டளையைக் கொடுத்தால் வரும் பேக்கேஜ் ஃபைலில் டெஸ்ட் என்ற ஸ்கிரிப்ட் ஒன்று இருக்கும். டெஸ்ட் எதுவும் குறிப்பிடப்படவில்லை என்று அச்சிட்டுவிட்டு, பிழைக் குறியீடு 1-உடன் அது வெளியேறும். ரஸ்ட்டில் கார்கோ நியூ என்ற கட்டளையை லிப் (லைப்ரரி) என்று சொல்லி ஓட்டினால், இரண்டும் இரண்டும் நான்கா என்று பார்க்கும் ஒரு டெஸ்ட் கிடைக்கும், அது முதல் நாளே பாஸ் ஆகும். டெஸ்ட் எப்படி எழுதுவது என்று கற்றுக்கொடுக்க ரஸ்ட்டின் வழி நல்லதுதான். ஆனால் ஒரு குழுவுக்கு டெம்ப்ளேட் செய்வதென்றால் நான் என்பிஎம் பக்கம். நிரப்பப்படாத இடம் சத்தம் போட வேண்டும். பச்சை விளக்கு காட்டும் பொய் டெஸ்ட்டை யாரும் அழிக்கப்போவதில்லை, கோடில் எவ்வளவு சோதிக்கப்பட்டது என்ற கவரேஜ் கணக்கில்கூட அது சேர்ந்துகொள்ளும்.

ஃபைலின் தலையில் எழுதியவர் பெயர், தேதி, திருத்த வரலாறு என்று எடிட்டர்கள் போட்டுத் தரும் கட்டத்தைத் தயங்காமல் தூக்கிவிடுங்கள். அதெல்லாம் கோட் மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் கிட்டுக்குத் தெரியும், உங்களைவிடச் சரியாகவே தெரியும். உரிமம் பற்றிய அறிவிப்பு வேண்டும் என்றால் எஸ்பிடிஎக்ஸ் (உரிமங்களுக்கான பொதுக் குறியீட்டு முறை) குறியீட்டோடு ஒரு வரி போதும். லினக்ஸ் கெர்னலே 2017-இல் பத்தி பத்தியான உரிம வாசகங்களை விட்டுவிட்டு அந்த ஒற்றை வரிக்கு மாறத் தொடங்கியது.

சில சடங்குகளை மொழியே ஒழித்துவிடுவதும் உண்டு. பெர்ல் மாட்யூலின் கடைசி வரியாக 1 என்ற எண்ணை எழுதி அரைப்புள்ளி வைத்தாக வேண்டும் என்பது பல தலைமுறை டெம்ப்ளேட்டுகளில் இருந்தது. மாட்யூல் உண்மை மதிப்பைத் திருப்பித் தராவிட்டால் லோடாகாது. 2023-இல் வந்த 5.38 பதிப்பில், ஃபைலின் தொடக்கத்தில் அந்தப் பதிப்பைக் குறிப்பிட்டுவிட்டால் கடைசி வரி தேவையில்லை. ஆகவே உங்கள் டெம்ப்ளேட்டில் காரணம் தெரியாத வரி இருந்தால், அது இன்னும் வேண்டுமா என்று பார்த்துவிடுங்கள். பைத்தானில் ப்ராஜெக்டின் அமைப்புகளைச் சொல்லும் பைப்ராஜெக்ட் டாமல் ஃபைல் 2016-இலேயே அறிமுகமாகிவிட்டது. இன்னும் பழைய முறையான செட்டப் ஃபைலை மட்டும் பெற்றுப்போடும் டெம்ப்ளேட்டுகள் உலவிக்கொண்டுதான் இருக்கின்றன.

கருவியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஒற்றை ஃபைல் என்றால் விம் எடிட்டரில் புது ஃபைல் திறக்கும்போது ஓர் எலும்புக்கூட்டைப் படித்துவைக்க ஒரே வரி போதும், மற்ற எடிட்டர்களிலும் ஸ்னிப்பட் (சேமித்துவைத்த துண்டுக் கோட்) வசதி இருக்கிறது. ஆனால் அது உங்கள் கணினியில் மட்டும் இருக்கும். குழுவாக வேலை செய்கிறீர்கள் என்றால் டெம்ப்ளேட்டும் ரெப்போவுக்குள் (குழுவின் பொதுக் கோட் களஞ்சியம்) இருக்கட்டும், மாற்றங்கள் ரிவ்யூ ஆகட்டும். பைத்தானின் ஜாங்கோவில் புது ஆப் தொடங்கும் ஸ்டார்ட்ஆப் கட்டளைக்கு உங்கள் சொந்த டெம்ப்ளேட்டையே கொடுக்கலாம், தனிக் கருவி வேண்டாம். முழு ப்ராஜெக்ட் என்றால் குக்கிகட்டர், காப்பியர் இரண்டும் கேள்வி கேட்டு ஃபோல்டரை உருவாக்கித் தரும். குக்கிகட்டர் உருவாக்கியதோடு விலகிக்கொள்ளும். காப்பியர் உங்கள் பதில்களை ஒரு ஃபைலில் எழுதிவைத்து, பிற்பாடு டெம்ப்ளேட் மாறினால் அந்த மாற்றத்தைப் பழைய ப்ராஜெக்டுக்குள்ளும் கொண்டுவரும். ப்ராஜெக்டுகள் பத்தைத் தாண்டும் என்று தெரிந்தால் காப்பியரை எடுங்கள். எதை எடுத்தாலும், டெம்ப்ளேட்டிலிருந்து ஒரு போலி ப்ராஜெக்டை உருவாக்கி பில்ட் செய்து பார்க்கும் வேலையை சிஐயில் (மாற்றம் வரும்போதெல்லாம் தானாக ஓடும் சோதனைகள்) சேர்த்துவிடுங்கள். டெம்ப்ளேட்டை யாரும் தினமும் ஓட்டிப் பார்ப்பதில்லை, உடைந்தாலும் அடுத்த மாட்யூல் தொடங்கும் வரை தெரியாது.

ஏஐயிடம் கேட்டால் தொடக்க ஃபைலை எழுதித் தந்துவிடுமே, பிறகு டெம்ப்ளேட் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். தரும்தான், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறு மாதிரி தரும். எல்லா மாட்யூலும் ஒரே அமைப்பில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தானே டெம்ப்ளேட்டையே தேடுகிறோம். டெம்ப்ளேட்டை அதன் கையில் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள், அது சரிப்பட்டு வரும்.

கடைசியாக, பழைய மாட்யூல்கள். அவற்றை மாற்றுவதற்கென்று தனியாக நேரம் ஒதுக்காதீர்கள். வேறு வேலையாக ஒரு மாட்யூலைத் திறக்கும்போது லாகர் வரியையும் தலைப்புக் கட்டத்தையும் மட்டும் சரி செய்யுங்கள், அதையும் தனி கமிட்டாக (கிட்டில் தனிப் பதிவாக). பொது லைப்ரரிக்கு நகர்த்திய இருபது வரிகளுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அவற்றை எல்லா மாட்யூலிலிருந்தும் ஒரே மூச்சில் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு லாகிங் அமைப்புகள் ஒன்றை ஒன்று மேலெழுதிக்கொண்டிருக்கும்.